54 கெல்வினில் தெரியும் துள்ளல் படிகத்தினுடையதா, கருவியினுடையதா?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடு, பேரியம் அளவு 0.125, தூளாகச் சுட்டு வில்லையாக அழுத்திய மாதிரி. குளிர்விக்கும்போது 52 கெல்வினிலும் சூடேற்றும்போது 57 கெல்வினிலும் மின்தடை துள்ளுகிறது. காந்த ஏற்புத்திறனில் (காந்தப்புலத்துக்கு மாதிரி எவ்வளவு இணங்குகிறது என்ற அளவில்) 50 கெல்வின் பக்கம் ஒரு சிறு மேடு. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 33.5 பாகை அருகே வரும் முகடு 100 கெல்வினில் இரண்டாகப் பிரிந்ததுபோலவும் 20 கெல்வினில் ஒன்றாகச் சேர்ந்ததுபோலவும் இருக்கிறது. இது கட்ட மாற்றம்தானா (படிகத்தில் அணுக்கள் அமைந்திருக்கும் விதமே மாறுவதா), ஆய்வேட்டில் எந்த வெப்பநிலையை எழுதுவது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: மூன்று வரைபடங்களில் மூன்று அடையாளங்கள் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வந்துவிட்டால், அவை மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி ஆகிவிடுமா? ஆகாது. மின்தடைத் துள்ளலை நம்புகிறேன். எக்ஸ்-கதிர் முகடு இப்போது இருக்கும் வடிவில் இரு பக்கமும் பேசக்கூடியது. காந்த மேட்டைத்தான் மூன்றிலும் அதிகமாகச் சந்தேகிக்கிறேன். உங்கள் மூலத் தரவு என்னிடம் இல்லை. நீங்கள் விவரித்ததை வைத்தே எழுதுகிறேன்.

இந்தப் படிகத்தில் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரிந்த பகுதி, அங்கிருந்து தொடங்கலாம். உங்கள் சேர்மம் அடுக்குப் பெராவ்ஸ்கைட் என்ற படிக வகை. அதில் தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த எண்முகிகள் (ஒரு தாமிரத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்) ஒரு தளத்தில் முனையோடு முனை கோத்து நிற்கின்றன. அந்தத் தளங்களுக்கு நடுவே லாந்தனம்-ஆக்சிஜன் அடுக்குகள். தாமிரம்-ஆக்சிஜன் பிணைப்பு விரும்பும் நீளமும் லாந்தனம்-ஆக்சிஜன் பிணைப்பு விரும்பும் நீளமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. தாமிரத் தளம் நசுக்கப்படுகிறது, லாந்தன அடுக்கு இழுபடுகிறது. குளிரக் குளிர லாந்தனம் பக்கம்தான் அதிகம் சுருங்குவதால் நசுக்கல் கூடுகிறது. ஒரு கட்டத்தில் எண்முகிகள் சில பாகை சாய்ந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்கின்றன. முனைகள் பகிரப்பட்டிருப்பதால் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பது பல்சக்கரம் போல எதிர்ப்பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும். அதனால்தான் சாய்வு ஒரு எண்முகியோடு நிற்காமல் படிகம் முழுவதும் பரவி ஒரு கட்டமாகிறது.

பேரியம் சேர்க்காத லாந்தனம் காப்பர் ஆக்சைடில் இந்தச் சாய்வு சுமார் 530 கெல்வினில் தொடங்குகிறது. பேரியம் சேர்த்தால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தாமிரம்-ஆக்சிஜன் பிணைப்பின் எதிர்ப்பிணைப்பு நிலையில் இருந்த எலக்ட்ரான்கள் குறைவதால் அந்தப் பிணைப்பு சுருங்குகிறது. லாந்தனத்தைவிடப் பெரிய பேரியம் அயனி இடை அடுக்கை விரிக்கிறது. இரண்டும் ஒரே திசையில் இறுக்கத்தைக் குறைப்பதால் சாய்வு தொடங்கும் வெப்பநிலை இறங்குகிறது. உங்கள் 0.125 அளவில் அது சுமார் 235 கெல்வின். இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

235 கெல்வினுக்கு மேலே உள்ள கட்டம் உயர்வெப்ப டெட்ராகோனல் (அடித்தளத்தின் இரு பக்கங்களும் சமம்), படிகச் சமச்சீர்களைப் பட்டியலிடும் ஸ்பேஸ் குரூப் அட்டவணையில் 139-ஆம் எண். கீழே வருவது தாழ்வெப்ப ஆர்த்தோராம்பிக் (அந்த இரு பக்கங்களும் வேறு), 64-ஆம் எண். இதில் எண்முகிகள் தாமிரம்-ஆக்சிஜன்-தாமிரம் கோட்டுக்கு 45 பாகையில் உள்ள அச்சைப் பற்றிச் சாய்கின்றன, எல்லாத் தளங்களிலும் அதே அச்சைப் பற்றி. இன்னும் குளிர்வித்தால் 54-56 கெல்வினில் சாய்வின் அச்சு 45 பாகை திரும்பி, தாமிரம்-ஆக்சிஜன் கோட்டோடு பொருந்திவிடுகிறது. அடுத்தடுத்த தளங்களில் அந்த அச்சு 90 பாகை மாறி மாறி வருவதால் சராசரியாகப் படிகம் மறுபடி டெட்ராகோனல் ஆகிறது. இதுதான் தாழ்வெப்ப டெட்ராகோனல் கட்டம், 138-ஆம் எண். புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஆக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1989-இல் இதை நிறுவினார்கள். பெட்நோர்ஸும் முல்லரும் 1986-இல் உயர்வெப்ப மீக்கடத்தலை (மின்தடை முற்றிலும் மறைவதை) கண்ட அதே சேர்மக் குடும்பம் இது. பேரியம் சரியாக எட்டில் ஒரு பங்கு இருக்கும் இடத்தில் மீக்கடத்தல் வெப்பநிலை பள்ளத்தில் விழுவது ஏன் என்ற கேள்விதான் இந்தத் தாழ்வெப்பக் கட்டத்தின் மேல் இத்தனை பேரின் கவனத்தைத் திருப்பியது.

சாய்வை இரண்டு கூறுகளாகப் பிரித்து எழுதினால் உங்கள் ஐயங்களில் பாதி தீரும். முதல் கூறு, இரண்டாம் கூறு என்று இரு ஒழுங்களவுகள் (ஒழுங்கு எவ்வளவு என்று சொல்லும் எண்கள்). உயர்வெப்பக் கட்டத்தில் இரண்டும் சுழி. ஆர்த்தோராம்பிக் கட்டத்தில் ஒன்று மட்டும் சுழியல்ல. தாழ்வெப்ப டெட்ராகோனலில் இரண்டும் சம அளவு. அணிக்கோவையின் (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அலகின்) இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு இந்தக் கூறுகளின் வர்க்கங்களின் வேறுபாட்டைப் பொறுத்தது. எனவே 54 கெல்வினுக்குக் கீழே அந்த வேறுபாடு மறைகிறது என்றால் சாய்வு மறைந்துவிட்டது என்று பொருளல்ல. சாய்வு ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது, திசைதான் மாறியிருக்கிறது. பலர் 'மீண்டும் டெட்ராகோனல் ஆகிவிட்டது' என்று எழுதி, உயர்வெப்பக் கட்டமே திரும்பி வந்ததுபோல வாசகரை நினைக்க வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு முடிவும் இதிலிருந்தே வருகிறது. 235 கெல்வின் மாற்றத்தில் கீழ்க்கட்டத்தின் சமச்சீர்க் குலம் மேல்கட்டத்தினுடையதன் உட்குலம், அதாவது கீழே உள்ள சமச்சீர்கள் எல்லாம் மேலேயும் உண்டு. அதனால் மாற்றம் தொடர்ச்சியாக, இரண்டாம்வகையாக நடக்க முடியும், நடக்கவும் செய்கிறது. அதற்குரிய மென்மையாகும் அதிர்வை (மாற்றத்தை நெருங்க நெருங்க அதிர்வெண் குறையும் அணு அதிர்வை) லாந்தனம் காப்பர் ஆக்சைடில் நியூட்ரான் சிதறல் நேரடியாகவே காட்டியிருக்கிறது. 54 கெல்வின் மாற்றத்தில் அந்த உறவு கிடையாது. ஆர்த்தோராம்பிக் கட்டத்தில் இல்லாத நான்மடிச் சமச்சீர் டெட்ராகோனலில் வருகிறது, அங்கே இருந்த ஒரு இடப்பெயர்ச்சிச் சமச்சீர் இங்கே போகிறது; ஒன்று மற்றொன்றின் உட்குலமாக இருக்க வழியில்லை. ஆகவே நேரடி மாற்றம் முதல்வகையாக, அதாவது ஒரே தாவலாகத்தான் இருக்கவேண்டும். தயக்கம் (குளிர்விக்கும்போதும் சூடேற்றும்போதும் மாற்றம் வெவ்வேறு வெப்பநிலையில் வருவது), உள்ளுறை வெப்பம், இரு கட்டங்களும் சேர்ந்திருக்கும் ஒரு வெப்பநிலை இடைவெளி, மூன்றும் எதிர்பார்க்கவேண்டியவை. நடுவில் 56-ஆம் எண் கொண்ட, இரு கூறுகளும் சமமில்லாமல் இருக்கும் ஒரு கட்டம் வந்தால் மட்டும் கதை மாறும். நியோடிமியம் சேர்த்த உறவுச் சேர்மங்களில் அது பேசப்படுகிறது. அகலமான முகடுகளை வைத்துக்கொண்டு 'இடைக்கட்டமா, இரு கட்டங்களின் கலவையா' என்று தூள் தரவில் தீர்ப்பது கடினம். இரண்டு மாதிரிப் பொருத்தங்களும் ஏறத்தாழ ஒரே தரத்தில் பொருந்தும். அங்கே துணிந்து ஒன்றைச் சொல்லாதீர்கள்.

இனி உங்கள் 52-க்கும் 57-க்கும் வருகிறேன். தயக்கம் எதிர்பார்க்கத்தக்கது என்பதால் ஐந்து கெல்வினும் படிகத்தினுடையது ஆகிவிடாது. வெப்பநிலைமானி செம்புத் தாங்கியில் இருக்கிறது, வில்லை அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. குளிரும்போது வில்லை பின்தங்கிச் சூடாக இருக்கும், சூடேறும்போது பின்தங்கிக் குளிராக இருக்கும். இந்தப் பின்தங்கலும் வரைபடத்தில் தயக்கம்போலவே, அதே திசையில்தான் தெரியும். நிமிடத்துக்கு 2 கெல்வின் வேகத்தில் அளந்திருந்தால் பெரும்பகுதி இதுவாகவே இருக்கலாம். சோதனை எளிது. 2, 1, 0.5, 0.25 என்று வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் 40-லிருந்து 70 கெல்வின்வரை மட்டும் இறக்கி ஏற்றுங்கள். துள்ளலின் நடுப்புள்ளியைக் குளிர்விப்புக்கும் சூடேற்றலுக்கும் தனித்தனியாக வேகத்துக்கு எதிரே குறியுங்கள். இரு கோடுகளையும் சுழி வேகத்துக்கு நீட்டினால் மிஞ்சும் இடைவெளிதான் படிகத்தின் தயக்கம். கோடுகள் ஒரே புள்ளியில் சேர்ந்துவிட்டால் இதுவரை பார்த்தது முழுவதும் கருவி.

இதே மாதிரிக்குள் இன்னொரு சாட்சியும் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். 235 கெல்வின் மாற்றம் இரண்டாம்வகை, அதற்குத் தயக்கம் கிடையாது. அதே வேகத்தில் அங்கே குளிர்விப்பும் சூடேற்றலும் வேறுபட்டால் அந்த வேறுபாடு முழுவதும் பின்தங்கல். தாழ்வெப்பத்தில் வில்லையின் தன்வெப்பம் குறைவு என்பதால் 54 கெல்வினில் பின்தங்கல் பெரும்பாலும் 235 கெல்வினில் உள்ளதைவிடக் கூடாது. ஒட்டுப் பசை விட்டுப்போயிருந்தால் மட்டும் கூடும். மின்தடையில் 235 கெல்வினில் ஒரு மெல்லிய முறிவுதான் தெரியும், எனவே வகைக்கெழு எடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் எக்ஸ்-கதிர் முகட்டை வைத்துச் செய்யலாம். கூடவே மின்னோட்டத்தைப் பாதியாக்கி ஒரு முறை அளந்துவிடுங்கள். 100 ஓம் வில்லையில் 1 மில்லிஆம்பியர் என்றால் 0.1 மில்லிவாட் வெப்பம். வெற்றிடத்தில் தொங்கும் வில்லைக்கு அது சிறிதல்ல. வரைகோடு நகர்ந்தால் மின்னோட்டம் அதிகம்.

ஒட்டும் பொருளிலும் கவனம் வேண்டும். கெட்டியான எபாக்ஸியால் முழு அடிப்பரப்பையும் ஒட்டினால் வில்லையும் தாங்கியும் வேறு வேறு அளவில் சுருங்கி இறுக்கம் ஏறும். முதல்வகை மாற்றம் அந்த இறுக்கத்தில் அகன்றுபோகும், சில நேரம் வில்லையே விரிசல்விடும். ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளிப் பசை, மீதிக்கு 'அபீசான் என்' என்ற தாழ்வெப்பக் கிரீஸ் போதும். நான்கு முனை இணைப்புக் கட்டாயம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அறை வெப்பநிலை மின்தடையைக் குறித்து வாருங்கள். சுற்றுக்குச் சுற்று அது ஏறினால் விரிசல் வளர்கிறது, அடுத்த சுற்றின் துள்ளலை நம்பவேண்டாம்.

எக்ஸ்-கதிர் முகட்டில் ஒரு பொறி இருக்கிறது. தாமிர எக்ஸ்-கதிர்க் குழாயில் இந்த மாதிரியை அளக்கும் எவருக்கும் அது காத்திருக்கிறது. நீங்கள் பார்த்த 33.5 பாகை முகடு டெட்ராகோனல் குறியீட்டில் (110); அடைப்புக்குறி எண்கள் எந்த அணுத்தளத் தொகுதி அந்த முகட்டைத் தருகிறது என்பதைக் குறிக்கும். ஆர்த்தோராம்பிக் கட்டத்தில் அது (200), (020) என்று இரண்டாகும். பக்க நீள வேறுபாடு 0.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிளவு சுமார் 0.10 பாகை. தாமிரக் குழாய் தரும் கே-ஆல்பா 1, கே-ஆல்பா 2 என்ற அடுத்தடுத்த இரு அலைநீளங்களின் வேறுபாடு ஏறத்தாழ 0.25 சதவீதம்; அது தானாகவே அதே முகட்டை சுமார் 0.09 பாகை பிளக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. உயர்கோணத்துக்குப் போனாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் வளரும், ஒன்றை ஒன்று முந்தாது. 70.4 பாகையில் வரும் (220) முகட்டில் பிளவுகள் 0.24, 0.20 என்று ஆகும், அவ்வளவுதான். ஒரு நன்மை, அங்கே கருவியின் சொந்த அகலம் குறுக்கே நிற்காது.

பிரித்தறிய இரண்டு வழிகள். கே-ஆல்பா இரட்டையில் உயரங்கள் 2-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், உயர்கோணப் பக்கம் சிறியது. ஆர்த்தோராம்பிக் பிளவில் தூள் நன்றாகக் கலந்திருந்தால் இரண்டு கூறுகளும் ஏறத்தாழ சமம். இரண்டாவது, 41 பாகை அருகே வரும் (006) போன்ற முகடுகள் எந்தக் கட்டத்திலும் பிளவுபடாது. அங்கே தெரியும் இரட்டை முழுக்க முழுக்க குழாயினுடையது. அதே வடிவத்தை (110) இடத்தில் வைத்துப் பார்த்து, மிஞ்சுவதை மட்டும் படிகத்துக்குக் கொடுங்கள். கே-ஆல்பா 2-ஐக் கணக்கில் கழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு முகட்டைப் படிக்காதீர்கள். அந்தக் கழித்தல் தானே சிறு மேடுகளை உண்டாக்கும். கே-ஆல்பா 1 மட்டும் தரும் ஒற்றைநிறமாக்கி கிடைத்தால் இந்தப் பத்தி முழுவதும் தேவையில்லை.

பிளவு உண்மையாகவே மறைந்தாலும் அது அரைச் சாட்சிதான். இறுக்கத்தால் முகடு அகன்று பிளவை மூடியிருக்கலாம். முழுச் சாட்சி வேண்டுமென்றால் புதிதாகத் தோன்றும் எதிரொளிப்பை (முன்பு இல்லாத முகட்டை) தேடவேண்டும். டெட்ராகோனல் சிறு அலகின் குறியீட்டில் (100) உயர்வெப்பக் கட்டத்திலும் ஆர்த்தோராம்பிக்கிலும் விலக்கப்பட்டது, தாழ்வெப்ப டெட்ராகோனலில் அனுமதிக்கப்பட்டது. அது 54 கெல்வினில் எழுந்தால் விவாதம் முடிந்தது. உங்கள் தூள் கருவியில் அது தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். நகர்வது பெரும்பாலும் ஆக்சிஜன். எக்ஸ்-கதிருக்கு 57 எலக்ட்ரான் கொண்ட லாந்தனத்தின் பக்கத்தில் 8 எலக்ட்ரான் கொண்ட ஆக்சிஜன் மங்கலாகவே தெரியும். நியூட்ரானுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. சிதறல் நீளங்கள் (நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்ற அளவு) லாந்தனத்துக்கு 8.24, தாமிரத்துக்கு 7.72, ஆக்சிஜனுக்கு 5.80 ஃபெம்டோமீட்டர். அதனால்தான் இந்தத் துறையின் முடிவுகள் நியூட்ரானில் நிலைநின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களுக்கு டிராம்பேயின் துருவா உலை நியூட்ரான் வசதி யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பின் மும்பை மையம் வழியாகக் கிடைக்கிறது. விண்ணப்பிக்கும்போது மாதிரியின் நிறையைக் கிராமில் கேட்பார்கள். மில்லிகிராம் கணக்கில் செய்து வைத்திருப்பது போதாது.

எக்ஸ்-கதிர் அளவீட்டில் தூளின் வெப்பநிலையும் ஒரு பிரச்சினை. வெற்றிடத்தில் தளர்வாகக் கொட்டிய தூள் தாங்கியின் வெப்பநிலைக்கு வந்துசேராது. மெல்லிய கிரீஸ் படலத்தின்மேல் தூவி அழுத்துவதோ, மாதிரி அறைக்குள் சிறிது ஹீலியம் வாயு விடுவதோ வேண்டும். சிலிக்கன் தூளை உள்நியமமாக (ஒப்பிடும் அளவுகோலாக) கலப்பவர்கள் அதைக் கோணத்துக்கு மட்டும் நம்புங்கள். சுமார் 18-லிருந்து 120 கெல்வின்வரை சிலிக்கன் சூடேறினால் சுருங்கும் வழக்கம் உடையது, மாற்றமும் மிகச் சிறியது. அதை வைத்து 54 கெல்வினைப் படிக்க முடியாது.

இப்போது காந்த மேடு. ஆக்சிஜன் உறையும் வெப்பநிலை 54.4 கெல்வின். உறைந்த ஆக்சிஜன் 43.8 கெல்வினிலும் 23.9 கெல்வினிலும் மறுபடி மறுபடி கட்டம் மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் காந்த ஏற்புத்திறன் மாறும். உங்கள் சேர்மத்தில் தாழ்வெப்ப டெட்ராகோனல் 54-56 கெல்வினில் வருகிறது, சுழல் ஒழுங்கு (தாமிர அணுக்களின் காந்தத் திசைகள் ஒழுங்குபடுவது) 40 கெல்வினுக்குச் சற்று மேலே வருகிறது. இயற்கை இங்கே நம்மைச் சோதிக்கிறது என்றே சொல்லவேண்டும். இரண்டு எண்களும் ஆக்சிஜனின் எண்களோடு வந்து ஒட்டிக்கொள்கின்றன. கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் ஆக்சிஜனின் ஏற்புத்திறன் இந்த மாதிரியினுடையதைவிட ஆயிரம் மடங்கு அளவில் அதிகம். அதாவது பத்தில் ஒரு மில்லிகிராம் காற்று ஆக்சிஜன் 100 மில்லிகிராம் தூளுக்கு இணையான சைகையைத் தரும். ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்குள், உறிஞ்சுகுழலின் மடிப்புக்குள், தூளின் இடைவெளிகளுக்குள் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது.

செய்யவேண்டியது இது. கேப்ஸ்யூலில் ஊசியால் ஒரு துளை இடுங்கள். அறை வெப்பநிலையில் மாதிரி அறையை மூன்று முறையாவது வெளியேற்றி ஹீலியம் நிரப்புங்கள். குளிர்ந்த பிறகு செய்தால் பயனில்லை, காற்று ஏற்கெனவே ஒட்டியிருக்கும். பிறகு மூன்று கேள்விகள். மேடு மாதிரியின் நிறையோடு வளர்கிறதா? வெறும் கேப்ஸ்யூலில் வருகிறதா? ஒரே மாதிரியை வெளியே எடுக்காமல் மறுநாள் அளந்தால் பெரிதாகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் அறையில் கசிவு இருக்கிறது. சுத்தப்படுத்திய பிறகும் மேடு நின்றால்தான் மாதிரியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் 30-40 கெல்வினுக்குக் கீழே தாழ்ந்த காந்தப்புலத்தில் தெரியும் எதிர்க்காந்தச் சைகையைத் தனியாக வையுங்கள். பேரியம் அளவு எட்டில் ஒன்றிலிருந்து சற்று விலகிய துணுக்குகள் 30 கெல்வின் பக்கம் மீக்கடத்திகள் ஆகும். ஒரு சதவீதத் துணுக்கு போதும் வரைபடத்தை ஆள.

துணுக்குகள் என்றதும் மாதிரி தயாரிப்புக்கே போகவேண்டியிருக்கிறது. உங்கள் தரவில் துள்ளல் மூன்று கெல்வின் அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேகத்தாலா, கலவைச் சீரின்மையாலா என்று கேட்டால் நான் முதலில் லாந்தனம் ஆக்சைடைத்தான் கேட்பேன். அது காற்றில் ஈரத்தை விழுங்கும். முழுவதும் ஹைட்ராக்சைடாக மாறினால் நிறை 16.6 சதவீதம் கூடும். பாட்டிலிலிருந்து நேராக எடுத்து நிறுத்தால் லாந்தனம் குறைந்துதான் போகும். அதன் விளைவாகப் பேரியத்தின் விகிதம் ஏறும், மிச்சம் காப்பர் ஆக்சைடு அசுத்தமாக நிற்கும். 900-1000 செல்சியசில் இரவு முழுவதும் சுட்டு, சூடு தணிவதற்குள் உலர்த்திக் கலனுக்கு மாற்றி, உடனே நிறுக்கவேண்டும். நூறில் ஒரு மோல் சேர்மத்துக்கு லாந்தனம் ஆக்சைடு 3.0545 கிராம், பேரியம் கார்பனேட் 0.2467 கிராம், காப்பர் ஆக்சைடு 0.7955 கிராம். பேரியம் கார்பனேட்டின் அளவு எவ்வளவு சிறியது பாருங்கள். தராசில் 2 மில்லிகிராம் பிழை பேரியத்தில் 0.001 ஆகும். அகேட் கல்வத்தில் ஒரே முறை அரைத்துச் சுட்ட தூளில் பேரியம் சீராகப் பரவாது. அரைத்து, சுட்டு, மறுபடி அரைத்து என்று மூன்று சுற்றாவது போகவேண்டும். கடைசிச் சுற்றை ஆக்சிஜன் ஓட்டத்தில் செய்து மெதுவாகக் குளிர்வியுங்கள்.

கலவை சரியா என்று அறிய வேதியியல் பகுப்பாய்வைவிட நல்ல அளவுகோல் அந்த 235 கெல்வின் மாற்றமே. பேரியம் 0-விலிருந்து 0.125-க்குப் போகும்போது அது 530-லிருந்து 235-க்கு இறங்குகிறது; சராசரியாகப் பேரியம் 0.01 கூடினால் ஏறத்தாழ 24 கெல்வின் இறக்கம். மாற்றம் 24 கெல்வின் அகலத்தில் பரவியிருந்தால் உங்கள் தூளில் 0.01 அளவுக்குக் கலவைப் பரவல் இருக்கிறது என்று கொள்ளலாம். நடுப்புள்ளி 235-க்குப் பதில் 215 என்று வந்தால் பேரியம் 0.133 பக்கம். 54 கெல்வின் துள்ளலை விளக்குவதற்கு முன் இந்த ஒரு அளவீட்டைச் செய்யாத ஆய்வேட்டை நான் முழு நம்பிக்கையோடு படிப்பதில்லை.

தன்வெப்பம் அளக்கும் திட்டம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வணிகக் கருவிகளின் தளர்வு முறை, ஒவ்வொரு சிறு வெப்பத்துடிப்பின்போதும் தன்வெப்பம் மாறாது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. முதல்வகை மாற்றத்தின் உள்ளுறை வெப்பம் அந்த அனுமானத்தை உடைத்துவிடும். முகடு தட்டையாகி, பல நேரம் காணாமலே போகும். காணவில்லை என்பதை 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். மாற்றத்தை முழுவதும் தாண்டிச் செல்லும் ஒரு பெரிய துடிப்பைக் கொடுத்து, வெப்பநிலை-நேர வளைகோட்டின் சரிவிலிருந்து புள்ளிக்குப் புள்ளி கணக்கிட வேண்டும். சூடேறும் பகுதியையும் குளிரும் பகுதியையும் தனித்தனியாக எடுங்கள், தயக்கமும் அதிலேயே கிடைக்கும்.

எந்த எண்ணை எழுதுவது? ஒரே எண்ணை எழுதாதீர்கள். குளிர்விப்பில் நடுப்புள்ளி, சூடேற்றலில் நடுப்புள்ளி, சுழி வேகத்துக்கு நீட்டிய மதிப்பு, அகலம், அளந்த வேகம், வெப்பநிலைமானி இருந்த இடம், 235 கெல்வின் மாற்றத்திலிருந்து பெற்ற பேரியம் அளவு. ஏழும் ஒரு வாக்கியத்தில் அடங்கும். கட்டத்தின் பெயரை எழுதுவதற்கு (100) எதிரொளிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் 'தாழ்வெப்ப டெட்ராகோனலுக்கு உரியதாக அறியப்பட்ட வெப்பநிலையில் மின்தடையில் முதல்வகைக்குரிய துள்ளல்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது சிறிய கூற்று, ஆனால் யாராலும் அசைக்க முடியாதது.

இதுவரை எழுதியது உறுதியான பகுதி. உறுதியில்லாதவை அந்த மாற்றத்தின் காரணத்தில் இருக்கின்றன. 1995-இல் டிராங்குவாடாவும் குழுவினரும் நியோடிமியம் சேர்த்த உறவுச் சேர்மத்தில் மின்னூட்டமும் சுழலும் கோடுகோடாக ஒழுங்குபடுவதை நியூட்ரானில் கண்டார்கள். உங்கள் சேர்மத்திலும் மின்னூட்டக் கோடுகள் தாழ்வெப்ப டெட்ராகோனலோடு சேர்ந்தே, 54 கெல்வின் பக்கம் தோன்றுகின்றன. சாய்வு திரும்புவதால் கோடுகள் நிலைகொள்கின்றனவா, கோடுகள் விரும்புவதால் சாய்வு திரும்புகிறதா? அழுத்தத்தில் செய்த எக்ஸ்-கதிர் சோதனைகளில் சுமார் 1.85 ஜிகாபாஸ்கலில் நீண்டதூரத் தாழ்வெப்ப டெட்ராகோனல் மறைகிறது, மின்னூட்டக் கோடுகள் மறைவதில்லை. எனவே கோடுகளுக்குச் சாய்வு கட்டாயமல்ல என்பது தெரிகிறது. சாய்வுக்குக் கோடுகள் தேவையா என்பதில் யூரோப்பியம் சேர்த்த சேர்மம் எதிர்த்துப் பேசுகிறது. அங்கே டெட்ராகோனல் 130 கெல்வின் பக்கமே வந்துவிடுகிறது, கோட்டொழுங்கு அதற்கு வெகு கீழே வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, ஒன்று மற்றொன்றின் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன். இன்னொரு கருத்து மோதலும் உண்டு. அணுச் சோடித் தொலைவுகளை அளப்பவர்கள், ஆர்த்தோராம்பிக் கட்டத்துக்குள்ளேயே சிறு இடங்களில் தாழ்வெப்ப டெட்ராகோனல் வகைச் சாய்வு இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் 54 கெல்வினில் நடப்பது புதுச் சாய்வின் பிறப்பல்ல, ஏற்கெனவே இருந்ததன் ஒழுங்குபாடு. உங்கள் மின்தடைத் தரவால் இதில் எந்தப் பக்கமும் சாட்சி சொல்ல முடியாது. அந்த விவாதத்தை ஆய்வேட்டின் முன்னுரையில் குறிப்பிட்டால் போதும்.

சமச்சீரை வைத்துத் தீர்ப்பது என்ற வழி எல்லா அடுக்குப் பெராவ்ஸ்கைட்டுக்கும் செல்லாது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுத்ததாக ருத்தேனேட்டுக்கு (ருத்தேனியம் ஆக்சைடு சேர்மங்களுக்கு) போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கால்சியம் ருத்தேனியம் ஆக்சைடின் ஈரடுக்கு வடிவத்தில் 56 கெல்வினில் காந்த ஒழுங்கு, 48 கெல்வினில் அணிக்கோவையின் முதல்வகைத் துள்ளல். அந்த 48 கெல்வின் மாற்றத்தில் ஸ்பேஸ் குரூப் மாறுவதில்லை. புது எதிரொளிப்பைத் தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் போகும்; அங்கே அணிக்கோவை நீளங்களின் துள்ளலையும் தயக்கத்தையும்தான் அளக்கவேண்டும். ஓரடுக்கு வடிவத்துக்கு வேறு சிக்கல். அது சுமார் 357 கெல்வினில் உலோக நிலையிலிருந்து காப்பு நிலைக்கு மாறும்போது நீளங்கள் பெரிதாக மாறுவதால் ஒற்றைப்படிகம் நொறுங்கிவிடும். அறை வெப்பநிலையில் கையில் இருப்பது ஏற்கெனவே மாற்றத்தைத் தாண்டிய படிகம். அதைச் சூடேற்றித் திரும்பக் குளிர்விக்கும் அளவீடு ஒரே முறைதான் கிடைக்கும், அந்த முறையில் எல்லாக் கம்பிகளும் சரியாக இருக்கவேண்டும்.

கருவி நேரம் குறைவு என்று எழுதியிருப்பதால் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஹீலியம் மூன்று முறை நிரப்பிக் காந்த அளவீடு, வெறும் கேப்ஸ்யூலோடு சேர்த்து; ஒரு நாளில் முடியும். அடுத்தது 200-லிருந்து 260 கெல்வின்வரை எக்ஸ்-கதிரில் (220) முகடு, பேரியம் அளவையும் பரவலையும் அறிய. பரவல் 0.01-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்தி மாதிரியை மறுபடி அரைத்துச் சுடுங்கள். அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு அளவீடும் வீண். தாண்டாவிட்டால் நான்கு வேகங்களில் மின்தடை. நியூட்ரான் விண்ணப்பத்தை இந்த மூன்றும் கையில் வந்த பிறகு எழுதுங்கள். 4 கிராம் மாதிரியை அதற்காக இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.